மீன் தொட்டி ஃபில்டருக்குள் என்னவெல்லாம் போடலாம்? வீட்டுப் பொருள்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் என்று வராந்தாவில் ஒரு கண்ணாடித் தொட்டியோ மாடியில் ஒரு சிமெண்ட் தொட்டியோ வைத்து மீன் வளர்ப்பவர்கள் குமரி மாவட்டத்தில் நிறையப் பேர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் நம்மூர் தண்ணீரையும் மழையையும் இங்கே கையில் கிடைக்கிற பொருள்களையும் மனத்தில் வைத்து எழுதியவை. எல்லாம் நன்னீர்த் தொட்டிக்குத்தான். கடல் மீன் வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

ஃபில்டர் என்றால் அழுக்கைப் பிடிப்பதுதானே? அதற்குள் எதற்குத் தனியாக மீடியா?

அழுக்கைப் பிடிப்பது பாதி வேலைதான். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா சேரும். இது கண்ணுக்குத் தெரியாது. நன்றாகத் தெளிந்திருக்கிற தண்ணீரில் மீன் செத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், மீனின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அதை நைட்ரோஸ்பைரா வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். இரண்டு வேலையையும் ஒன்றே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும்.

இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் நீந்தித் திரிபவை அல்ல. ஏதாவது ஒன்றின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்பவை. அவை ஒட்டிக்கொள்ள நாம் கொடுக்கிற இடம்தான் மீடியா.

கடையில் விற்கிற செராமிக் வளையம்தான் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான். ஆனால் அதைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பாக்டீரியாவுக்கு விலைச்சீட்டு தெரியாது. பொருள் தண்ணீரில் அழுகக் கூடாது, சாயமோ மருந்தோ உலோகமோ கசியக் கூடாது, குறைந்த இடத்தில் நிறையப் பரப்பு இருக்க வேண்டும், அதன் இடுக்குகளில் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும். இவ்வளவு இருந்தால் பிளாஸ்டிக்கா மண்ணா என்பது பெரிய விஷயம் இல்லை.

செராமிக் மீடியா பாக்கெட்டில் ஒரு லிட்டருக்குள் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் பரப்பு என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்தக் கணக்கில் வருவது பெரும்பாலும் கல்லுக்குள் இருக்கும் மிக நுண்ணிய துளைகள். வெளியே படலம் வளர்ந்து சகதி படிந்ததும் அந்தத் துளைகளின் வாய் அடைபட்டுவிடும். பிறகு உள்ளே ஆக்சிஜன் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இந்தப் பாக்டீரியாக்கள் வேலை செய்யாது. காசு செலவழிப்பதாக இருந்தால் நல்ல பம்புக்கும் அம்மோனியா டெஸ்ட் கிட்டுக்கும் செலவழியுங்கள் என்பேன்.

எவ்வளவு மீடியா போட வேண்டும்? தொட்டியின் லிட்டர் கணக்கா?

லிட்டர் கணக்கு இல்லை, தீனிக் கணக்கு. மீன் பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் சூத்திரம் ஒன்று இருக்கிறது: தீனியின் எடை, அதில் உள்ள புரத விகிதம், 0.092 ஆகிய மூன்றையும் பெருக்கினால் வரும் அம்மோனியா நைட்ரஜன் (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடை) எவ்வளவு என்று தெரியும். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் போட்டால் ஏறக்குறைய 37 மில்லிகிராம். ஒரு கிராம் என்பது சின்ன உருண்டைத் தீனியில் அரை டீஸ்பூன் போல வரும். 60 லிட்டர் தொட்டியில் சின்ன மீன்களுக்கு ஒரு நாளைக்கு அது தாராளம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் வளர்ந்த பாக்டீரியா ஒரு நாளில் 100 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும் என்று கொஞ்சம் கைப்பிடித்தமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் தேவைப்படுவது அரை சதுர மீட்டருக்கும் கீழே. குடிநீர் பாட்டில் மூடி ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். குறுக்களவு 3 செ.மீ., உயரம் 1.4 செ.மீ. இருந்தால் உள்ளும் புறமும் சேர்த்து 40 சதுர செ.மீ. வரும். ஒரு லிட்டர் டப்பாவில் குலுக்கிக் கொட்டினால் 50, 60 மூடி பிடிக்கும்; அதுவே கால் சதுர மீட்டர் போல ஆகிவிடுகிறது. இரண்டு லிட்டர் டப்பா நிறைய மூடி இருந்தால் அந்தத் தொட்டிக்குப் போதும். கோல்டு ஃபிஷ், கோய் மாதிரி தின்னிகளை வளர்ப்பவர்கள் இரண்டு, மூன்று மடங்கு போடுங்கள். அதிகமாகப் போட்டால் கெடுதல் எதுவும் இல்லை.

பாத்திரம் தேய்க்கும் நார் போடலாமா? எந்த நார்?

வீட்டுப் பொருள்களில் என் முதல் ஓட்டு இதற்குத்தான். ஆனால் நார் என்று கடையில் கேட்டால் மூன்று, நான்கு வகை எடுத்து வைப்பார்கள்.

பிளாஸ்டிக் இழையை வலைபோலப் பின்னிப் பந்தாகச் சுருட்டியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. நெளிநெளியாக இருப்பதால் பரப்பு அதிகம், நசுங்கி அடைத்துக்கொள்ளாது, பல வருஷம் உழைக்கும். நடுவில் இரும்புக் கிளிப் அடித்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு நைலான் நூலால் கட்டுங்கள்.

ஸ்டீல் நார் வேண்டாம், மலிவானது துருப்பிடிக்கும். செம்பு நிறத்தில் மின்னுகிற நார் வேண்டவே வேண்டாம். செம்பு கசிந்தால் இறாலும் நத்தையும் முதலில் போகும், அப்புறம் மீன். பச்சை நிறத் தட்டை நாரில் தேய்ப்பதற்கென்று உராய்வுத் தூள் ஒட்டியிருக்கும், இழையும் நெருக்கமாக இருப்பதால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மஞ்சள் ஸ்பாஞ்சோடு சேர்த்துத் தைத்தது என்றால், அந்த ஸ்பாஞ்சில் கிருமி வளராமலிருக்க மருந்து ஏற்றியிருக்கலாம். நாம் வளர்க்கப் பார்ப்பதே கிருமியைத்தான். சோப்புத் தூள் தடவி வரும் நாரும் அதே காரணத்தால் ஆகாது.

எதுவானாலும் புதிதாக வாங்குங்கள். சட்டி கழுவிப் பழசான நாரை எவ்வளவு அலசினாலும் உள்ளே சோப்பும் எண்ணெயும் இருக்கும்.

பாட்டில் மூடி மிதக்கிறதே?

மிதக்கத்தான் செய்யும். பாட்டில் மூடிகள் பெரும்பாலும் தண்ணீரைவிட லேசான பிளாஸ்டிக்கில் செய்தவை. அதனால் தொட்டியின் மேல் உட்காரும் திறந்த டாப் ஃபில்டரில் அப்படியே கொட்டினால் மேலே ஒதுங்கிக்கொள்ளும், தண்ணீர் அடியில் ஓடிவிடும். ஒரு வலைப்பையில் கட்டி அடியில் ஒரு கல்லை வைத்து அமுக்குங்கள். இல்லாவிட்டால் சொட்டு ஃபில்டர் செய்து அதற்குள் போடுங்கள். அதைக் கீழே சொல்லியிருக்கிறேன். அங்கே மிதக்கிற பிரச்சினையே வராது.

மூடிக்குள் மெல்லிய வளையம் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். எண்ணெய், ஷாம்பு, ஃபினாயில் பாட்டில் மூடிகளைச் சேர்க்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் சொல்லிவைத்தால் ஒரே நாளில் ஒரு மூட்டை கிடைக்கும்.

ஸ்ட்ராவைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போடும் வீடியோ பார்த்தேன். செய்யலாமா?

அது வெளிநாட்டு யோசனை. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்கு 2019 ஜனவரி முதல் தடை. இப்போது இளநீர்க் கடையில் கிடைப்பது காகித ஸ்ட்ரா. அது தண்ணீரில் ஊறிக் கூழாகிவிடும். இதற்காகத் தேடி அலைய வேண்டாம்.

எலக்ட்ரீஷியன் வேலை முடிந்து மிஞ்சிய பைப்?

அருமையான பொருள். ஒயர் ஓட்டப் பயன்படுத்தும் வரிவரியான வளையும் பைப்பை ஒன்றரை, இரண்டு செ.மீ. துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். வரி இருப்பதால் வழவழப்பான பைப்பைவிடப் பரப்பு அதிகம். பிவிசி தண்ணீரில் மூழ்கும், அதனால் கல் வைத்து அமுக்கும் வேலையும் இல்லை. பைப் ஒட்டும் பசை பட்ட முனைகளை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

பழைய ஓட்டு வீட்டை இடித்தோம். அந்த ஓட்டைப் பயன்படுத்தலாமா? செங்கல், பூந்தொட்டி உடைசல்?

தாராளமாக. நன்றாக வெந்த மண்ணில் சின்னச் சின்ன துளைகள் உண்டு. கடையில் விற்கிற செராமிக் வளையமும் சுட்ட மண் வகைதான். மெருகு பூசாத, பெயிண்ட் அடிக்காத ஓடாக எடுத்து, கோலிக்குண்டு அளவிலிருந்து நெல்லிக்காய் அளவு வரை உடைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்போ சிமெண்டோ ஒட்டியிருந்தால் அந்தத் துண்டு வேண்டாம், அது தண்ணீரின் பிஎச் அளவை (அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏற்றிவிடும். பாசி பிடித்த ஓட்டைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்கும் நீர் ஊற்றி ஆறவிட்டால் சரியாகிவிடும்.

செங்கலில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு விரலால் தேயுங்கள். மண்ணாகக் கரைந்தால் சரியாக வேகாத கல், தூக்கிப் போடுங்கள். தட்டினால் கணீர் என்று சத்தம் வருகிற கல்தான் ஆகும்.

இதில் குறை எடைதான். கண்ணாடித் தொட்டியின் மேல் உட்காரும் டாப் ஃபில்டரில் செங்கல் துண்டுகளை நிரப்புவது ஆபத்து. தரையில் வைக்கும் வாளி ஃபில்டருக்குப் பொருத்தம்.

இங்கேதான் கதம்பை கொட்டிக் கிடக்கிறதே, தேங்காய் நார் போட்டால் என்ன?

காசில்லாமல் கிடைப்பதால் இந்த ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் நார் அழுகும். காயல் ஓரங்களில் கயிறு திரிக்கக் கதம்பையை ஊறப்போட்ட இடத்தைக் கடந்து போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். கறுப்புத் தண்ணீர், முட்டை அழுகிய நாற்றம், அதில் ஆக்சிஜன் என்பது பேருக்குக்கூட இருக்காது. அதையே சின்ன அளவில் உங்கள் ஃபில்டருக்குள் செய்வதாகத்தான் முடியும். முதல் சில வாரம் தண்ணீர் தேயிலைச் சாயம் ஏறிப் பழுப்பாக நிற்கும், அதன்பின் நார் மெல்ல இற்றுப் பம்பை அடைக்கும்.

பீர்க்கங்காய்க் கூடு, இலவம் பஞ்சு, சணல், பருத்தித் துணி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். செடியிலிருந்து வந்ததை பாக்டீரியா தின்றுவிடும்.

சிரட்டைக்கரி?

கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்றல்ல. சிரட்டைக்கரியை நீராவியும் கடும் வெப்பமும் கொடுத்துப் பதப்படுத்தினால்தான் கார்பன் ஆகும். கார்பன்கூட மருந்து, வாடை, நிறம் இவற்றைத்தான் இழுக்கும், அம்மோனியாவைப் பிடிக்காது. பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் இடம் என்ற அளவில் அடுப்புக்கரி கெடுதல் இல்லை. சாம்பல் முழுவதும் போகும்வரை அலச வேண்டும், சாம்பல் காரமானது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த கரியாக இருக்கக் கூடாது. இவ்வளவு தொல்லைக்கு ஓட்டுத் துண்டே மேல்.

குளச்சலில் பழைய மீன்பிடி வலை கிடைக்கும். சரியா?

மிக நல்லது. நைலான் அழுகாது, தண்ணீரில் மூழ்கும், இழை மெல்லிசாக இருப்பதால் பரப்பும் அதிகம். உப்பும் மீன் வாடையும் போகும்வரை நல்ல தண்ணீரில் பல தடவை ஊறவைத்து அலசுங்கள். ஈயக் குண்டு கோத்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட வேண்டும். தளர்வாகச் சுருட்டிப் போடுங்கள். மீன் நீந்துகிற தொட்டிக்குள் மட்டும் போடாதீர்கள். வலை அதன் பழைய வேலையைத்தான் செய்யும்.

பச்சை நிழல்வலை புதிதாக இருந்தால் நல்லது. நர்சரியிலோ பூந்தோட்டத்திலோ கட்டியிருந்த பழைய வலையில் பூச்சிமருந்து தெறித்திருக்கும். கொசுவலையில் இன்னும் கவனம் தேவை: கொசுவைக் கொல்ல இழையிலேயே மருந்து ஏற்றிய வலைகள் இருக்கின்றன. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் மனிதனுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மீனையும் இறாலையும் கொன்றுவிடும். எப்படிப்பட்ட கொசுவலை என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பி, பவளக்கல், மணல்?

மூன்றுக்கும் மூன்று பதில்.

சிப்பி போடலாம், பல வீடுகளில் போடவும் வேண்டும். காரணத்தைத் தண்ணீர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன். கடலோர ஊர்களில் சிப்பி அவித்துத் தின்ற பின் மிஞ்சும் தோடே போதும். சதை ஒட்டியிருக்காமல் சுரண்டிக் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போடுங்கள். கன்னியாகுமரியில் அலங்காரத்துக்கு விற்கும் சிப்பி, சங்குகளில் வார்னிஷோ சாயமோ இருக்கும், அவை வேண்டாம்.

பவளக்கல்லை எடுக்காதீர்கள். பவளப்பாறை உயிரினங்களுக்கு 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சில சங்கு வகைகளுக்கும் உண்டு. மீன் தொட்டிக்காக அந்த வம்பு தேவையில்லை.

நம் கடற்கரை மணலும் வேண்டாம். மணவாளக்குறிச்சியில் ஐஆர்இஎல் ஆலை எதற்காக இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்: இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் போன்ற கனமணலைப் பிரித்தெடுக்க. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிரியக்கம் உள்ளது. கறுப்பும் சிவப்புமாக அழகாக இருக்கிறதே என்று அள்ளி வந்து வரவேற்பறையில் வைக்க வேண்டாம். அது ஒரு பக்கம் இருக்க, அவ்வளவு நைசான மணல் இறுகிப் படிந்து தண்ணீரையே உள்ளே விடாது.

ரப்பர் தோட்டத்துச் சிரட்டை, கப், கேன் எல்லாம் நிறைய இருக்கிறது. ஃபில்டர் செய்ய எடுக்கலாமா?

வேண்டாம். குலசேகரம், அருமனை பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வரும். ரப்பர் பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள், ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட் சேர்ப்பார்கள். எந்த விஷத்தைப் போக்க ஃபில்டர் வைக்கிறோமோ அதையே கேனோடு கொண்டுவந்து வைத்த கதையாகிவிடும். தென்மேற்கு மழைக்கு முன்னால் இலையுதிர்வு நோய்க்காகத் தோட்டங்களில் அடிப்பது செம்பு மருந்து. மரத்தில் கட்டும் மழைக்காப்புப் பிளாஸ்டிக்கில் தார் ஒட்டியிருக்கும். தோட்டத்துப் பொருள் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

மீடியாவை எதற்குள் போடுவது? செலவில்லாமல் ஒரு ஃபில்டர் செய்ய வழி உண்டா?

சொட்டு ஃபில்டர்தான் எனக்குப் பிடித்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள் இரண்டோ மூன்றோ எடுத்து அடியில் நிறையத் துளை போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் டப்பாவில் தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு. அது அழுக்கைப் பிடிக்கும். கீழே உள்ளவற்றில் மூடி, நார், பைப் துண்டு எதுவானாலும் சரி. தொட்டிக்குள் இருக்கும் சின்னப் பம்பு தண்ணீரை மேலே ஏற்ற, அது மீடியா மேல் சொட்டுச் சொட்டாக வடிந்து தொட்டிக்கே திரும்பும். மீடியா தண்ணீரில் மூழ்கிக் கிடக்காமல் காற்றில் ஈரமாக இருப்பதால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் குறைவே வராது.

பஞ்சு முதலில், மீடியா பிறகு. இந்த வரிசை மாறினால் மீடியா சகதியாகிவிடும். பம்பு மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு தண்ணீர் தள்ளினால் போதும். 60 லிட்டருக்கு 240 லிட்டர். 10 வாட் பம்பு இரவு பகலாக ஓடினாலும் இரண்டு மாத பில்லில் 15 யூனிட்டுக்குள்தான் வரும்.

டப்பா முன்பு பிஸ்கட், மிட்டாய், ஊறுகாய் வைத்திருந்ததாக இருக்கலாம். பெயிண்ட் வாளி வேண்டாம். பூச்சிமருந்து கேன், எத்தனை தடவை கழுவியதாக இருந்தாலும், கூடவே கூடாது.

எல்லாம் போட்டாயிற்று. எத்தனை நாளில் வேலை செய்யும்?

நான்கிலிருந்து ஆறு வாரம். பாக்டீரியா பெருக நேரம் எடுக்கும், அதை அவசரப்படுத்த முடியாது. நம்மூரில் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால் கொஞ்சம் முன்னதாகவும் ஆகலாம். இரண்டு வருஷம் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் ஸ்பாஞ்சில் பாதியை வாங்கி உங்கள் மீடியாவோடு போட்டால் காலம் பாதியாகக் குறையும். அவருடைய மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள்.

மீன் விடுவதற்கு முன்பே தயார் செய்ய நினைத்தால், தினமும் ஒரு சிட்டிகை தீனியைக் காலித் தொட்டியில் போட்டு வாருங்கள். இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிடுவதும் உண்டு. வேலை செய்யும், ஆனால் வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். அம்மோனியா ஏறி இறங்கி, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்யம் காட்டினால் மீன் விடலாம். ஒரே நாளில் இருபது மீன் விடாமல் நாலைந்தாக விடுங்கள்.

தயிர் ஊற்றினால் நல்ல பாக்டீரியா வருமாமே?

வராது. அது பாலைத் தயிராக்கும் பாக்டீரியா. தண்ணீர்தான் நாறும்.

மீடியாவை எப்போது, எப்படிக் கழுவ வேண்டும்?

பஞ்சை வாரம் ஒருமுறை எப்படி வேண்டுமானாலும் கழுவுங்கள், மாற்றுங்கள். மீடியாவைத் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும் தொடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, அதற்குள் இரண்டு முறை முக்கி எடுத்தால் போதும். பளபளவென்று ஆக்கக் கூடாது. மீடியா மேல் பழுப்பாக வழுவழுப்பாக இருப்பதுதான் நீங்கள் ஆறு வாரம் காத்திருந்து வளர்த்தது.

வீட்டில் வேறு யாராவது தொட்டியைச் சுத்தம் செய்து உதவுவதாக இருந்தால் முன்பே சொல்லிவையுங்கள். சோப்பு, டெட்டால், வெந்நீர், வெயில் எதுவும் கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரிலும் கழுவக் கூடாது. இது கிணறு வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும்: மழைக்காலத்தில் கிணற்றில் ப்ளீச்சிங் பவுடர் போட்டால், அந்தத் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில் காற்றுக்குழாய் போட்டு ஒன்றிரண்டு நாள் வைத்தோ, மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை ஊற்றியோதான் பயன்படுத்த வேண்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் மிக நல்ல தண்ணீர், உப்பே இல்லை. ஆனாலும் சில மாதத்தில் ஃபில்டர் படுத்துவிடுகிறது. ஏன்?

உப்பே இல்லாததுதான் காரணமாக இருக்கலாம். செம்மண்ணும் சரல் கல்லும் உள்ள மேற்குப் பகுதிக் கிணறுகளில் தண்ணீர் பொதுவாக மென்மையானது, கொஞ்சம் அமிலத்தன்மையும் இருக்கும். குடிக்க இனிக்கும். பாக்டீரியாவுக்கு அது போதாது.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றும்போது ஏறக்குறைய 7 கிராம் சுண்ணாம்புச் சத்துக்குச் சமமான காரத்தன்மை (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்) செலவாகிறது. மேலே பார்த்த கணக்கையே எடுத்துக்கொண்டால், தினம் ஒரு கிராம் தீனிக்கு கால் கிராம் காரத்தன்மை போய்விடும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள தண்ணீர் 60 லிட்டர் இருந்தால் மொத்தக் கையிருப்பே 1.8 கிராம்தான். ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு பிஎச் சரியும். 6-க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். நீங்கள் மீடியாவைக் குறை சொல்லிக்கொண்டு இன்னொன்று வாங்குவீர்கள்.

இதற்குத்தான் சிப்பித் தோடு. ஒரு கைப்பிடி தோட்டை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் தண்ணீர் ஓடும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் அமிலமாக ஆக ஆகத் தோடு கரைந்து ஈடுகட்டும், பிஎச் ஏறியதும் கரைவது தானாகக் குறையும். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவதையும் விடக் கூடாது.

கடலோரத்தில் சவர் கலந்த கிணறு உள்ளவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். அங்கே தோடு தேவையில்லை. ஆனால் பிஎச் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். 28 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது; பிஎச் 8 ஆனால் ஆறேழு பங்கு ஆகிவிடும். டெஸ்ட் கிட் காட்டும் எண் இரண்டு வீட்டிலும் ஒன்றாக இருக்கலாம், மீனுக்கு ஒன்றல்ல. பிஎச் இறங்கி, பாக்டீரியா வேலையை நிறுத்தி, அம்மோனியா சேர்ந்துபோன தொட்டியில் திடீரென்று பிஎச் கூடிய லாரித் தண்ணீரோ போர் தண்ணீரோ நிறைய ஊற்றினால் அன்று இரவே மீன் சாவதும் இதனால்தான். அப்படிப்பட்ட தொட்டியில் நாலைந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

கரண்ட் போனால் பாக்டீரியா செத்துவிடுமா?

ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது. காற்றுப் புகாமல் மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் அதற்கு மேல் போனால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீர் கெடத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். அதனால் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் மீடியாவை ஒருமுறை முக்கி எடுத்துப் பிறகு ஓடவிடுங்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி வந்தால் மீடியாவை வலைப்பையோடு எடுத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். தீனியை நிறுத்திவிடுங்கள், வளர்ந்த மீன் நாலைந்து நாள் சாப்பிடாமல் இருக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் 10 வாட் பம்பைச் சேர்ப்பது ஒரு பாரமே இல்லை. அது இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மீடியா நிறையப் போட்டால் பாசி குறையுமா?

குறையாது. மீடியாவின் வேலை நைட்ரேட்டோடு முடிகிறது, பாசிக்கு அந்த நைட்ரேட்தான் உரம். தண்ணீர் மாற்றுங்கள், வெயில் நேராக விழாமல் பாருங்கள், மணி பிளாண்ட் கொடியின் வேர் மட்டும் ஃபில்டர் டப்பாவுக்குள் தொங்கும்படி வையுங்கள். நைட்ரேட்டை அது இழுத்துக்கொள்ளும்.

மூடிகளுக்கு இடையில் சின்னச் சின்ன நத்தையும் வெள்ளைப் புழுவும் இருக்கின்றன. எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். படிந்த கழிவைத் தின்றுகொண்டு இருப்பவைதான் அவை. எண்ணிக்கை திடீரென்று பெருகினால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், தீனியைக் குறையுங்கள். பம்பின் வாயில் நத்தை போய் அடைக்காமலிருக்க ஒரு துண்டு ஸ்பாஞ்சை மாட்டிவிட்டால் போதும்.